எந்தக் கடை வாங்கவில்லை? போனில் வரைபடமாகப் பார்க்க ஒரு பவர் பிஐ வழிகாட்டி

விற்பனை ரிப்போர்ட்டில் ஒரு குறை உண்டு. பில் போட்ட கடைகள் மட்டுமே அதில் இருக்கும். மூன்று வாரமாக ஆர்டர் கொடுக்காத கடைக்கு அதில் வரியே கிடையாது. அந்த ரிப்போர்ட்டை அப்படியே வரைபடத்தில் போட்டால் வட்டங்கள் அழகாக வரும், ஆனால் நாம் போய்ப் பார்க்க வேண்டிய கடை அதிலும் வராது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் வாங்காத கடை முதலில் கண்ணில் படுகிற வரைபடம் ஒன்றை இங்கே செய்யப்போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு மதுரையில் ஒரு பிஸ்கட் ஏஜென்சி என்று வைத்துக்கொள்வோம். செல்லூர், ஆனையூர், வில்லாபுரம், திருநகர், திருப்பரங்குன்றம், கீழமாசி வீதி என்று ஆறு பீட் (சேல்ஸ்மேன் ஒரு சுற்றில் போய் வரும் பகுதி), மொத்தம் 240 கடைகள். தண்ணீர் கேன், பால், மருந்து என எந்த விநியோகத்துக்கும் இதே வழிதான்.

என்னென்ன வேண்டும்

பவர் பிஐ என்பது தரவை ரிப்போர்ட்டாகவும் வரைபடமாகவும் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். அதன் மொபைல் செயலி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இலவசம். ஆனால் அது பார்ப்பதற்கான செயலி. ரிப்போர்ட்டை உருவாக்க விண்டோஸ் கணினியில் பவர் பிஐ டெஸ்க்டாப் வேண்டும். அதுவும் இலவசம்தான், மேக்கில் மட்டும் ஓடாது. கணக்கு தொடங்க ஜிமெயில் முகவரியை ஏற்காது, நிறுவனப் பெயரில் உள்ள மின்னஞ்சல் வேண்டும். இலவசக் கணக்கில் உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் போனில் நீங்கள் பார்க்கலாம். சேல்ஸ்மேன்களுக்கும் காட்ட வேண்டுமென்றால் உங்களுக்கும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் புரோ உரிமம் தேவை. முதல் மாதம் நீங்கள் மட்டும் பார்த்துப் பழகுங்கள். பயன் தெரிந்த பிறகு காசு போடலாம்.

நிறுவன மின்னஞ்சல் இல்லாதவர்கள் கூகுள் ஷீட்டையும், பவர் பிஐ போலவே ரிப்போர்ட் செய்ய கூகுள் தரும் லுக்கர் ஸ்டுடியோவையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நடுவில் காற்புள்ளி வைத்து ஒரே கட்டத்தில் எழுதி, அந்தப் புலத்தின் வகையை 'ஜியோ' பிரிவில் 'லாட்டிட்யூட், லாங்கிட்யூட்' என்று மாற்ற வேண்டும். கீழே கோப்பைப் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும்.

கடையின் இடத்தைப் பிடிப்பது

வேலையில் பாதி இதுதான். கடைப் பெயரையோ தெருப் பெயரையோ கொடுத்துவிட்டு 'மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்' என்று விடாதீர்கள். வெறுமனே 'சேலம்' என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத் தலைநகருக்குப் போய் நிற்க வாய்ப்புண்டு. ஆலங்குளம், புதுக்கோட்டை போன்ற பெயர்கள் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. பின்கோடும் உதவாது, ஒரே பின்கோட்டில் உள்ள 60 கடையும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். ஒவ்வொரு கடைக்கும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வேண்டும்.

கடைகள் குறைவு என்றால் வாட்ஸ்அப் போதும். சேல்ஸ்மேன் கடை வாசலில் நின்று 'லொகேஷன்' பகுதியைத் திறந்தால், இடம் எத்தனை மீட்டர் துல்லியத்தில் கிடைத்திருக்கிறது என்று காட்டும். அது 10 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை நின்று, பிறகு 'தற்போதைய இடம்' என்பதை அனுப்பச் சொல்லுங்கள். லைவ் லொகேஷன் வேண்டாம், அவர் அடுத்த கடைக்குப் போனால் புள்ளியும் கூடவே போகும். வந்ததை கூகுள் மேப்ஸில் திறந்து, புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும், நகலெடுத்துக்கொள்ளலாம். எழுத்தும் எண்ணும் கூட்டல் குறியும் கலந்து ஒன்று தெரியும், அது பிளஸ் கோடு என்ற கூகுளின் முகவரிக் குறியீடு. அதை எடுத்தால் வேலைக்கு ஆகாது.

கடைகள் நூற்றைத் தாண்டினால், களத்தில் தகவல் திரட்ட உதவும் கோபோ டூல்பாக்ஸ் தளத்தில் ஒரு சின்னப் படிவம் செய்து, கோபோகலெக்ட் செயலியைச் சேல்ஸ்மேன் போனில் போட்டுவிடுங்கள். இணையம் இல்லாத தெருவிலும் பதிவாகும். எக்செல்லாக இறக்கும்போது அட்சரேகை, தீர்க்கரேகை, துல்லியம் மூன்றும் தனித்தனி நெடுவரிசையில் வந்துவிடும். துல்லியம் 20 மீட்டருக்கு மேல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி மறுபடி எடுக்கச் சொன்னால் போதும். திறந்த வெளியில் சாதாரண போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். கீழமாசி வீதி போல இருபக்கமும் கட்டடம் நெருங்கிய இடத்தில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அங்கே கடைக்குள் நிற்காமல் தெருவுக்கு வந்து எடுக்க வேண்டும்.

புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் இலக்கம் சுமார் ஒரு மீட்டர், நான்காவது 11 மீட்டர், மூன்றாவது 110 மீட்டர். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும்.

எக்செல் கோப்பு

ஒரே கோப்பில் இரண்டு தாள்கள். 'கடைகள்' தாளில் கடைக் குறியீடு, பெயர், பகுதி, பீட், அட்சரேகை, தீர்க்கரேகை. 'பில்கள்' தாளில் தேதி, கடைக் குறியீடு, தொகை. இரண்டையும் கன்ட்ரோலும் டி-யும் அழுத்தி டேபிளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். அப்போதுதான் நாளை கீழே சேர்க்கும் வரிகளும் தானாக உள்ளே வரும்.

இரண்டு தாளையும் இணைப்பது கடைக் குறியீடுதான், பெயர் அல்ல. பில் போடும்போது ஒரு நாள் 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்', மறுநாள் 'முருகன் ஸ்டோர்' என்று அடித்திருப்பார்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மென்பொருளுக்கு வேறு வேறு. டாலியில் இதுவரை குறியீடு இல்லையென்றால் இன்றே வைத்துவிடுங்கள்: செ001, செ002 என்று பீட்டைக் குறிக்கும் எழுத்தோடு, எந்த இரண்டு கடைக்கும் ஒன்றே வராதபடி வைத்தால் போதும்.

கூகுள் மேப்ஸிலிருந்து நகலெடுத்த எண்கள் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' எடுத்து, காற்புள்ளியில் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு வடிகட்டியைப் போட்டு எல்லையைச் சரிபாருங்கள். தமிழ்நாடு முழுவதும் அட்சரேகை 8 முதல் 13.6 வரை, தீர்க்கரேகை 76.2 முதல் 80.4 வரைதான். மதுரை நகர் என்றால் 9.8–10.1, 77.9–78.3. இதற்கு வெளியே எது இருந்தாலும் தவறு. இரண்டு எண்ணும் இடம் மாறிவிட்டால் மதுரைக் கடை வட துருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே கடலில் மிதக்கும். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் நிற்கும். ஒரே ஒரு கடை அப்படிப் போனாலும் எல்லாப் புள்ளியையும் காட்டுவதற்காக வரைபடம் உலகம் முழுக்க விரிந்து, மீதி 239 கடையும் ஒரு பொட்டாகச் சுருங்கிவிடும். 'மேப் சரியாக ஜூம் ஆகவில்லை' என்று சொல்பவர்களின் கோப்பில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்.

ஒரே எண்கள் இரண்டு கடைக்கு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காம்ப்ளெக்ஸில் நடுவே நின்று மூன்று கடைக்கும் சேர்த்து எடுத்திருப்பார்கள். வரைபடத்தில் மூன்றும் ஒரே வட்டமாகிவிடும், தொட்டால் ஒரு பெயர்தான் வரும்.

கோப்பை நிறுவனக் கணக்கின் ஒன்டிரைவில் வையுங்கள். கணினியின் சி டிரைவில் வைத்தால், போனில் புதுத் தரவு வர அந்தக் கணினியில் கேட்வே என்ற தனி மென்பொருளை நிறுவ வேண்டும், கணினியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு.

டெஸ்க்டாப்பில் இணைப்பது

எக்செல்லில் கோப்பைத் திறந்து ஃபைல், இன்ஃபோ போய் 'காப்பி பாத்' அழுத்துங்கள். கிடைத்த முகவரியின் கடைசியில் உள்ள கேள்விக்குறியையும் அதற்குப் பின் இருப்பதையும் அழித்துவிடுங்கள். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் 'கெட் டேட்டா', 'வெப்' எடுத்து அந்த முகவரியை ஒட்டுங்கள். உள்நுழைவு கேட்கும்போது 'ஆர்கனைசேஷனல் அக்கவுன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு டேபிளையும் டிக் செய்து, 'லோட்' வேண்டாம், 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்துங்கள். திறக்கும் சாளரம்தான் பவர் குவெரி. ஃபார்முலா எழுதாமல் இங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

1. பில்கள் டேபிளில் தேதி நெடுவரிசையை வலது கிளிக் செய்து 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லோகேல்', வகை 'டேட்', மொழி 'இங்கிலீஷ் (இந்தியா)'. இதைச் செய்யாவிட்டால் தேதி எழுத்தாக வந்திருக்கும் கோப்புகளில் 03/04 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகலாம். 13 முதல் 31 வரையுள்ள தேதிகள் பிழை காட்டும், அதனால் மாட்டிக்கொள்ளும். 12 வரையுள்ளவை சத்தமில்லாமல் இடம் மாறிவிடும்.

2. பில்கள் டேபிளில் 'குரூப் பை', 'அட்வான்ஸ்டு'. கடைக் குறியீட்டின்படி தொகுத்து, 'கடைசி பில்' என்ற பெயரில் தேதியின் 'மேக்ஸ்', 'மொத்தம்' என்ற பெயரில் தொகையின் 'சம்' எடுங்கள்.

3. இப்போது கடைகள் டேபிளுக்குப் போய் 'மெர்ஜ் குவெரீஸ்'. மேலே கடைகள், கீழே பில்கள், இரண்டிலும் குறியீட்டு நெடுவரிசையைத் தொடுங்கள். சேர்க்கை வகை 'லெஃப்ட் அவுட்டர்'. கடைகள் மேலே இருப்பதுதான் முக்கியம். பில்கள் மேலே போனால் வாங்காத கடைகள் எல்லாம் இந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். சாளரத்தின் அடியில் 240 வரிகளில் எத்தனை பொருந்தின என்று காட்டும். 190 பொருந்த வேண்டிய இடத்தில் 120 என்றால் குறியீட்டில் இடைவெளியோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமோ இருக்கிறது. 'ஃபார்மேட்' மெனுவில் 'டிரிம்', 'அப்பர்கேஸ்' இரண்டையும் இரு டேபிளிலும் போட்டுவிட்டுத் திரும்ப இணையுங்கள். பிறகு இரட்டை அம்புக்குறியை அழுத்தி 'கடைசி பில்', 'மொத்தம்' இரண்டையும் விரித்துக்கொள்ளுங்கள்.

4. 'கடைசி பில்' நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'ஆட் காலம்', 'டேட்', 'ஏஜ்'. வந்த நெடுவரிசையை 'டிரான்ஸ்ஃபார்ம்', 'டியூரேஷன்', 'டேஸ்' என்று நாளாக மாற்றுங்கள். எக்செல்லிலேயே டுடே ஃபங்ஷன் போட்டு நாளைக் கணக்கிட்டால் என்ன என்று தோன்றும். அந்தக் கோப்பை யாராவது திறந்து சேமித்தால்தான் எண் மாறும். நாலு நாள் திறக்காவிட்டால் பவர் பிஐ பழைய எண்ணையே எடுத்துக்கொண்டிருக்கும்.

5. 'ஆட் காலம்', 'கண்டிஷனல் காலம்'. பெயர் 'நிலை'. முதல் விதி: நாள் என்பது 'நல்' (null, அதாவது வெற்று) என்றால் 'வாங்கியதே இல்லை'. அடுத்து 7 வரை 'இந்த வாரம்', 30 வரை 'இந்த மாதம்', மீதி 'மாதம் தாண்டியது'. பெட்டியில் 'நல்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், மேற்கோள் குறி இல்லாமல் அடிக்க வேண்டும். அந்த விதி முதலில் இல்லாவிட்டால் பில்லே இல்லாத கடைகளின் வரியில் பிழை வரும். வெற்று மதிப்பை 7-உடன் ஒப்பிட அதற்குத் தெரியாது.

கடைசியாக அட்சரேகையும் தீர்க்கரேகையும் 'டெசிமல் நம்பர்' வகையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு 'குளோஸ் அண்ட் அப்ளை'.

வரைபடம்

அட்சரேகை நெடுவரிசையைத் தொட்டால் மேலே 'காலம் டூல்ஸ்' திறக்கும். 'டேட்டா கேட்டகரி' லாட்டிட்யூட், 'சம்மரைசேஷன்' 'டோன்ட் சம்மரைஸ்'. தீர்க்கரேகைக்கும் அதேபோல் லாங்கிட்யூட். இதை மறந்தால் 240 கடையின் அட்சரேகையையும் கூட்டி ஒரே எண்ணாக்கும். உலகில் எங்குமே இல்லாத இடம் அது, வரைபடம் காலியாக நிற்கும்.

படங்கள் பட்டியலில் 'அஷூர் மேப்ஸ்' எடுங்கள். பழைய பிங் மேப்பைக் கைவிட்டு இதற்கு மாறும்படி மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவருவதால் புதிதாகச் செய்பவர்கள் பழையதில் கை வைக்கத் தேவையில்லை. படத்துக்குப் பதில் எச்சரிக்கை வந்தால், நிறுவனக் கணக்கின் அட்மின் பகுதியில் அஷூர் மேப்ஸுக்கு அனுமதி தரப்படவில்லை என்று பொருள். சிறிய நிறுவனத்தில் அந்த அட்மின் நீங்களாகவே இருப்பீர்கள்.

லாட்டிட்யூட், லாங்கிட்யூட் பெட்டிகளில் அந்தந்த நெடுவரிசை. 'லெஜண்ட்' பெட்டியில் நிலை. 'டூல்டிப்ஸ்' பெட்டியில் கடைப் பெயர், கடைசி பில், மொத்தம். 'சைஸ்' பெட்டியைக் காலியாக விடுங்கள். எல்லோரும் முதலில் இழுத்துப் போடுவது அங்கேதான்: விற்பனை பெரிதென்றால் வட்டம் பெரிது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கீழமாசி வீதி மொத்த வியாபாரியின் வட்டம் அரை மதுரையை மூடிவிடும், அதனடியில் பத்துச் சில்லறைக் கடைகள் ஒளிந்திருக்கும். விற்பனை அளவுக்கு வேண்டுமானால் தனியாக இன்னொரு பக்கம் வையுங்கள்.

நிறங்களை 'பபிள் லேயர்' பகுதியில் மாற்றலாம். இந்த வாரம் வாங்கிய கடை வெளிர் சாம்பல், மாதம் தாண்டியது ஆரஞ்சு, வாங்கியதே இல்லாதது அடர் நீலம் என்று வைத்தால் வெயிலிலும் தெரியும். சிவப்பு, பச்சை ஜோடியைத் தவிருங்கள், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பின்னணி 'கிரேஸ்கேல் லைட்'. சாட்டிலைட் படத்தின் மேல் எந்த நிறமும் எடுபடாது. வட்டங்களை ஒன்றுசேர்க்கும் 'கிளஸ்டர்' வசதியை 240 கடைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆயிரக்கணக்கில் போனால் பார்க்கலாம்.

மாவட்டவாரியாக நிறம் நிரப்பும் வரைபடம் கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எல்லைக் கோப்புகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் 32 மாவட்டங்கள்தான். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-இல் மயிலாடுதுறை என்று இப்போது 38. பழைய கோப்பில் தென்காசி விற்பனைக்கு நிறம் பூச இடமே இருக்காது. இன்னொன்று, சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர், திண்டுக்கல் 6,000-க்கு மேல். மொத்த விற்பனைக்கு நிறம் கொடுத்தால் கண் பெரிய பரப்பைத்தான் பார்க்கும், சென்னை ஒரு புள்ளியாகத் தொலைந்துவிடும். கடை ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் போட்டால் கொஞ்சம் நியாயமாக இருக்கும்.

போனுக்கு ஏற்றபடி

பீட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்லைசர், மாதம் தாண்டிய கடைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கார்டு, இவற்றையும் சேர்த்தபின் 'வியூ', 'மொபைல் லேஅவுட்' போங்கள். வெற்றுப் போன் திரை வரும். மேலே ஸ்லைசர், அடுத்து கார்டு, அதன்கீழ் வரைபடம். வரைபடத்துக்குத் திரையில் பாதி உயரம் போதும். திரை முழுக்க விரித்தால், கீழே தள்ள விரலை இழுக்கும்போது பக்கம் நகராமல் வரைபடம் நகரும். விரல் வைக்க ஓரத்தில் சிறிது இடம் விட்டுவையுங்கள். இந்த லேஅவுட் செய்யாமல் விட்டால் போனை நிமிர்த்திப் பிடிக்கையில் கணினிப் பக்கமே குட்டியாகச் சுருங்கித் தெரியும்.

வரைபடத்தின் பின்னணி இணையம் இருந்தால்தான் வரும். சிக்னல் விட்டுவிட்டு வரும் பீட்டுக்குப் போகிறவருக்காக இரண்டாம் பக்கத்தில் அதே கடைகளைப் பட்டியலாகவும் வையுங்கள்.

'பப்ளிஷ்' அழுத்தி ஒரு வொர்க்ஸ்பேஸை (பவர் பிஐ தளத்தில் ரிப்போர்ட்டுகளை வைக்கும் இடம்) தேர்ந்தெடுங்கள். போனில் செயலியைத் திறந்து அதே கணக்கில் நுழைந்தால் வொர்க்ஸ்பேஸுக்குள் ரிப்போர்ட் இருக்கும். நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

தானாகப் புதுப்பிக்க

உலாவியில் பவர் பிஐ தளத்தைத் திறந்து, வொர்க்ஸ்பேஸில் 'செமான்டிக் மாடல்' (ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தரவு) என்றிருக்கும் வரியின் 'செட்டிங்ஸ்' போங்கள். 'டேட்டா சோர்ஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் ஒன்டிரைவ் கணக்கில் மறுபடி உள்நுழைந்து, 'ரிஃப்ரெஷ்' நேரத்தை அமையுங்கள். நேர மண்டலப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை என்றிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறை வரை போடலாம். காலை 6:30-க்கு ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டே போதும்.

காலை 5:30-க்கு முன்னால் போடாதீர்கள். சர்வர் ஓடுவது உலகப் பொது நேரத்தில். நமக்கு விடியற்காலை 5 மணி என்றால் அங்கே இன்னும் நேற்றைய தேதிதான். 'ஏஜ்' கணக்கு ஒரு நாள் குறைவாக வரும், 31 நாளான கடை 30 என்று காட்டித் தப்பிவிடும்.

புதுப்பித்தல் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அட்டவணையே நின்றுவிடும். கோப்பின் பெயரையோ நெடுவரிசைத் தலைப்பையோ யாராவது மாற்றியிருப்பார்கள், அல்லது கடவுச்சொல் மாறியிருக்கும். இரண்டையும் பார்த்துச் சரிசெய்தபின் அட்டவணையை நீங்களேதான் மறுபடி இயக்க வேண்டும்.

மற்றவர்களுக்குக் காட்டும்போது

'பப்ளிஷ் டு வெப்' என்று ஒரு வசதி இருக்கிறது. உரிமம் வாங்காமல் எல்லோருக்கும் காட்ட அது குறுக்கு வழியாகத் தெரியும். அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் உள்நுழையாமலே திறக்கும். உங்கள் கடைப் பட்டியலையும் எந்தக் கடை உங்களிடம் வாங்குவதை நிறுத்தியது என்பதையும் எதிர் ஏஜென்சிக்கு நீங்களே எடுத்துக் கொடுப்பதுபோல் ஆகும். தொட வேண்டாம்.

ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் அவருடைய பீட் மட்டும் தெரிய வேண்டுமென்றால், டெஸ்க்டாப்பில் 'மாடலிங்', 'மேனேஜ் ரோல்ஸ்' போய் பீட் ஒன்றுக்கு ஒரு ரோல் உருவாக்கி, கடைகள் டேபிளில் அந்தப் பீட்டின் பெயரை வடிகட்டியாகக் கொடுங்கள். பப்ளிஷ் செய்தபின் தளத்தில் செமான்டிக் மாடலின் 'செக்யூரிட்டி' பகுதியில் அந்தந்த ரோலில் அவரவர் மின்னஞ்சலைச் சேருங்கள். அவர்களை வொர்க்ஸ்பேஸில் 'வியூவர்' ஆக மட்டுமே சேர்க்க வேண்டும். 'மெம்பர்', 'கான்ட்ரிபியூட்டர்' ஆக்கினால் இந்தத் தடுப்பு அவர்களுக்குச் செல்லாது, எல்லாப் பீட்டும் தெரியும். ரோல் சரியாக வேலை செய்கிறதா என்பதை 'டெஸ்ட் ஆஸ் ரோல்' கொடுத்து நீங்களே முதலில் பார்த்துக்கொள்ளலாம்.